பன்னிரண்டு முளைகளும் ஒரு முட்கம்பியும்

சென்ற மாதம் நம் பொறியியலாளர் சங்கத்தின் புதிய உறுப்பினர்களுக்கான வகுப்பில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முப்பத்தொன்பது பேர். மண்டபத்தில் மின்விசிறிகள் எட்டு, ஓடியவை ஐந்து. பதினொன்றாவது படம் திரையில் வந்தபோது உங்களில் பலர் சிரித்தீர்கள்.

நினைவிருக்கும். ஒரு மலைச்சரிவு, அதில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்கு மேல் பக்கம் ஆறு இரும்பு முளைகள், கீழ்ப் பக்கம் ஆறு. அவற்றுக்கெல்லாம் பின்னால், இன்னும் மேலே, புல்லுக்குள் மறைந்து வேறொரு வெடிப்பு. உண்மையில் நிலம் பிளந்தது அந்த மேல் வெடிப்பில்தான். பன்னிரண்டு முளைகளும் வழுக்கிக்கொண்டிருந்த நிலத்தின் மேலேயே அடிக்கப்பட்டிருந்தன. இரண்டு முளையும் சேர்ந்து நகர்ந்தால் இடைவெளி மாறாது. அளவுநாடா பூச்சியம் என்றே சொல்லும். ஒரே படகில் உட்கார்ந்திருக்கும் இருவர், நமக்கிடையே தூரம் மாறவில்லை, ஆகவே படகு ஓடவில்லை என்று முடிவு கட்டுவது போல.

மூன்றாவது வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்த மடையன்டா இப்பிடி முளை அடிச்சான்?" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கெட்டுப்போனது முழங்கால்தான்.

அந்த மடையன் நான்.

பிழையைப் பதினொரு பக்கத்தில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பியதும் நானே. மூன்று பேர் கொண்ட குழு கூப்பிட்டு, ஐம்பது நிமிடம் விசாரித்தது. உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை, படத்திலிருந்துதான் எடுத்தார்கள். பெயரைச் சேர்க்கும்படி மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் மரியாதையான பதில் வந்தது, பெயர் வரவில்லை. அதனால் செயலாளர் "ஏதாவது பணி அனுபவம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது இதையே எழுதுவதென்று தீர்மானித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர், "இந்தச் சங்கத்தால நமக்கு என்ன சேர் பிரயோசனம்? பேருக்குப் பின்னால நாலு எழுத்து, வருசத்துக்கு ஒரு கூட்டம். வேறென்ன?" என்று கேட்டார். என் பஸ் நாலு பத்துக்கு. பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

மாத்தளை மாவட்டத்தில் நான் கடைசியாக வேலை செய்தது ஒரு டொலமைட் குவாரியில். கல்லை உடைத்து அரைத்து, மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புவோம். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தொழிலில் முப்பத்தோராவது வருடம். தலைமைப் பொறியியலாளர் என்பதால் வெடி வைக்கலாமா கூடாதா என்று எழுதும் கையொப்பம் என்னுடையது. என் பொறுப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல அதெல்லாம் நம் கெட்டித்தனம் என்று நமக்கே தோன்றிவிடும்.

குவாரியின் இடது பக்கம், நாங்கள் வெட்டாமல் விட்ட மலைத்தோள் ஒன்று இருந்தது. அதன் அடியில், ஒரு சிறு பாதைக்கு அப்பால், பதினொரு வீடுகள். நாற்பத்து மூன்று பேர். அந்தத் தொகையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. வீடு வீடாகப் போய் எண்ணினேன். மூன்றாவது வீட்டில் பாக்கியம். எங்கள் ஆலையில் சாக்கு தைப்பவர்; ஊருக்கெல்லாம் அக்கா; வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"எதுக்கு ஐயா தலைய எண்ணுறீங்க? வந்ததுதான் வந்தீங்க, கோழியையும் சேத்து எண்ணிட்டுப் போங்க. பதினேழு இருக்கு," என்றார்.

எண்ணினேன். பதினாறுதான் இருந்தது. சொன்னேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் கோழி காணாமல் போனால் என்னைத்தான் விசாரிப்பார்.

ஒரு நாள் காலை, துளையிடும் இயந்திரம் ஓட்டும் நசீர், மலைத்தோளின் மேல் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். விரல் அகலம், முப்பது காலடி நீளம். அந்த நிமிடமே வெடி வைப்பதை நிறுத்தினேன். இதுவரை நான் செய்தது சரி. அடுத்து, வெடிப்பின் இரு பக்கமும் ஆறு சோடி முளைகள் அடித்தேன். காலை ஏழுக்கும் மாலை நாலுக்கும் நானும் நசீரும் ஏறிப்போய் உருக்கு நாடாவால் இடைவெளிகளை அளப்போம். பத்தொன்பது நாட்கள். இருநூற்று இருபத்தெட்டு அளவுகள். ஒன்றுகூட ஒரு மில்லிமீற்றருக்கு மேல் மாறவில்லை. அந்தக் குறிப்பேட்டைப் போல அழகான ஒரு குறிப்பேட்டை நான் என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

"டேப்பு நல்லதுதான் சொல்லுது சேர்," என்றார் நசீர் ஒரு நாள். "எனக்குத்தான் மனசு சரியில்ல."

"ஏன் நசீர்?"

"தெரியா சேர். அங்க நிக்கக்குள்ள காலுக்குக் கீழ மெத்தை மாதிரி ஈக்கிது."

"மெத்தையை எத்தனை மில்லிமீற்றர்னு எழுதுறது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்தொன்பது நாளில் நான் செய்த மிகப் பெரிய பிழை அந்தச் சிரிப்பு என்று இப்போது நினைக்கிறேன். முளைகள் இரண்டாவது இடம்தான்.

இதற்கிடையில் குவாரியில் அறுபத்திரண்டு பேருக்கு வேலை இல்லை. நாட்கூலிக்காரர்கள். காலையில் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். "சேர், எப்ப வெடி?" அவ்வளவுதான் கேட்பார்கள், கோபப்பட மாட்டார்கள், அது இன்னும் கஷ்டம். மழை பிடிப்பதற்குள் டொலமைட் வேண்டும் என்று தோட்டங்களிலிருந்து முகாமையாளரை நெருக்கினார்கள். அவர் என்னை நெருக்கினார். என் குறிப்பேட்டில் பூச்சியத்துக்குக் கீழே பூச்சியம். 'நிலம் அசையவில்லை. வெடி வைக்கலாம். வீடுகளில் ஆட்கள் இருக்கலாம்' என்று கடிதத்தை எழுதி முடித்தேன்.

அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி ஒரு கையொப்பம் போதும். நமது சங்கத்தின் நடத்தை விதிப்படி இரண்டு வேண்டும். குடியிருப்பு உள்ள இடத்தில் ஆபத்து இல்லை என்று ஓர் உறுப்பினர் எழுதினால், வேறு நிறுவனத்தைச் சேர்ந்த இன்னோர் உறுப்பினர் நேரில் வந்து பார்த்துத் தானும் ஒப்பமிட வேண்டும். யாரை அனுப்புவது என்று நாம் தெரிவு செய்ய முடியாது. சங்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அடுத்த பெயர் யாரோ அவர் வருவார். ஆபத்து உண்டு, நிறுத்து என்று எழுதுவதற்கு மட்டும் ஒரு கையொப்பம் போதும். அந்த விதி நிறைவேறிய கூட்டத்தில் நான் இருந்தேன். இருபத்து மூன்றுக்கு ஒன்பது. இருபத்து மூன்றில் என் கையும் ஒன்று. உண்மையைச் சொன்னால், கை தூக்கும்போது என்னை நினைத்துத் தூக்கவில்லை. கவனமில்லாத வேறு நாலைந்து பேரை நினைத்துத் தூக்கினேன்.

சங்கத்துக்கு அறிவித்தேன். மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன உறுப்பினர் எட்டு ஐம்பதுக்கு வந்து இறங்கினார். பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து முச்சக்கரவண்டியில். ஒரு பெண். இருபத்தொன்பது வயது. சங்கத்தில் முழு உறுப்பினராகிப் பதினான்கு மாதம். சொந்த ஊர் லக்கல. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; எழுதவில்லை. நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

இந்தப் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலம் போதும், மத்தியானப் பஸ்ஸுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு குறிப்பேட்டை நீட்டினேன். ஒரு பக்கம் விடாமல் வாசித்தார்.

"அழகா எழுதியிருக்கீங்க சேர்."

எனக்கு மகிழ்ச்சி.

"ரெண்டு முளையும் சேர்ந்து நகர்ந்தா இந்த டேப்புக்கு எப்படித் தெரியும்?"

"சேர்ந்து நகரணும்னா அதுக்குப் பின்னால இன்னொரு வெடிப்பு இருக்கணும். இல்லை. நான் பார்த்தேன்."

"எவ்வளவு தூரம் பார்த்தீங்க?"

"பதினைந்து மீற்றர்."

"அதுக்கு மேல?"

"மானாப் புல்லு. நெஞ்சளவு."

அவர் நசீரிடம் கத்தி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு மேலே ஏறினார். மலைத்தோளின் ஓரமாக, கீழிருந்து மேலே எங்கள் எல்லை வேலி ஓடுகிறது. மரத்தூண்கள், மூன்று வரி முட்கம்பி. நான் முழங்காலைச் சாட்டாக வைத்துக் கீழேயே நின்றுகொண்டேன். அவர் ஒவ்வொரு இரண்டு தூணுக்கும் நடுவில் நின்று, முள் படாத இடமாகப் பார்த்துக் கம்பியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு போனார். எனக்கு வேறு வேலை இல்லாததால் தூண்களை எண்ணினேன். எட்டாவது தூணைத் தாண்டிக் கம்பியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பி ஏழாவதுக்கு வந்தார். மறுபடி எட்டுக்குப் போனார். நசீரைக் கூப்பிட்டார். நசீர் கம்பியை அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், கொஞ்சம் மேல வாங்க."

ஏறினேன். மற்ற இடங்களிலெல்லாம் கம்பி தளர்ந்து, அழுத்தினால் நாலு விரல் அமுங்கியது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மட்டும் விறைத்து நின்றது. ஒன்பதாவது தூணில் கம்பியைப் பிடித்திருந்த ஆணி பாதி வெளியே வந்திருந்தது. துருவுக்கு நடுவே ஆணியின் புதுப் பகுதி பளபளத்தது.

"எங்க ஊர்ல யானை வேலி சேர்," என்றார் அந்தப் பெண். "காலையில எழும்பினதும் முதல் வேலை, போய்க் கம்பியைத் தொட்டுப் பார்க்கிறது. எங்கயாவது இறுகியிருந்தா யானை தூணைத் தள்ளிப் பார்த்திருக்கு. தூண் சாஞ்சது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்."

"இங்க யானை இல்லையே."

"அதனாலதான் பயமா இருக்கு சேர்."

நசீர் புல்லை வெட்டினார். அடியில், பழைய காலத்தில் நாங்களே கொட்டிய மண். அதையும் விலக்கியபோது வெடிப்பு தெரிந்தது. ஒரு கை அகலம். நசீர் ஒரு நீளமான கம்பை விட்டுப் பார்த்தார். கம்பு முடிந்தது, வெடிப்பு முடியவில்லை. என் பன்னிரண்டு முளைகளும் இருபத்திரண்டு மீற்றர் கீழே, வெயிலில், வரிசை பிசகாமல் நின்றுகொண்டிருந்தன.

நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஒப்புக்கொள்ளவில்லை. இது பழைய வெடிப்பாக இருக்கலாம், ஆணி வேறு காரணத்தால் கழன்றிருக்கலாம் என்று வாதாடினேன்.

"இருக்கலாம் சேர். பழசா புதுசான்னு எனக்குத் தெரியாது. தெரியாததால நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"நீ பிறக்கிறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால இருந்து நான் வெடி வைக்கிறேன்!"

கத்திவிட்டேன். நசீர் கத்தியைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் அமைதியாக, "தெரியும் சேர்," என்றார்.

அலுவலகத்தில் முகாமையாளர் காத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வாசலில் நின்ற அறுபத்திரண்டு பேரும் அவருக்கும் தெரிந்த முகங்கள். "சேர், சட்டத்துக்கு ஒங்க கையெழுத்து ஒண்ணு போதுமே," என்றார். "நாளைக்குக் காலையில வெடிமருந்து எடுக்கணும். அந்தப் புள்ள பஸ்ஸில வந்தது, பஸ்ஸில போயிரும். நாமதானே இங்க இருக்கப் போறோம்?"

கடிதம் மேசையில் இருந்தது. பேனாவும் இருந்தது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

அப்போதைய சங்கத் தலைவர் என்னோடு படித்தவர். நாலு வருடம் ஒரே அறை. என் திருமணத்தில் பந்தி பரிமாறியவர்.

"மச்சான், ஒரு சின்னப் புள்ளைய அனுப்பியிருக்கீங்க. கையெழுத்து வைக்க மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொல்லு. இல்லாட்டி நீயே வந்து வை."

"அவ எடத்தப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"பாத்தா."

"நான் பாத்தேனா?"

"நீ கொழும்புல இருக்கே."

"அப்ப என்கிட்ட என்னத்தக் கேக்குற? நான் சங்கத்துக்குத்தான் தலைவர். மலைக்கு இல்ல."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த விதிக்கு யார் யார் கை தூக்கினதுன்னு குறிப்பு இருக்கு. வாசிக்கவா?"

"வேணாம்."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "கேளு. நீ அவளை மீறிக் கையெழுத்து வைச்சா சட்டம் ஒன்னை ஒண்ணும் செய்யாது. சங்கம் கூப்பிட்டு விசாரிக்கும். விசாரிக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் நான்தான் இருக்கணும். என்னை அங்க உட்கார வைச்சிராத மச்சான்."

தொலைபேசியை வைத்தேன். நாலு நிமிடம் கூடப் பேசியிருக்க மாட்டோம்.

பிரயோசனம் என்ன என்று கேட்டவருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்திடம் பொலிஸ் இல்லை. குவாரியைப் பூட்ட அதிகாரம் இல்லை. கூட்டத்தில் கொடுக்கும் கட்லட் எப்போதும் ஆறியே இருக்கும். நான் இருபத்தாறு கூட்டங்களில் சாப்பிட்டவன். அதனிடம் இருப்பது ஒரு பட்டியல், ஒரு விதி, ஒரு மேசை. ஆனால் அன்று அந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்தன என்று பாருங்கள். பதினான்கு மாத உறுப்பினர் ஒருவர் சொன்ன 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை என் முப்பத்தொரு வருடத்துக்குச் சமமான எடைக்கல்லாகத் தராசில் வைத்தன. நாலு வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பிய நட்பு அதை ஒரு நூல்கூட நகர்த்தவில்லை. அன்று அதற்காகச் சங்கத்தை வெறுத்தேன். இன்று அதை நினைக்கும்போது எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

கடிதத்தைக் கிழித்தேன். நாலாகக் கிழித்துவிட்டு, போதாது என்று எட்டாக. வெடி வேண்டாம், பதினொரு வீடுகளிலும் ஆட்கள் இருக்கக் கூடாது என்று இன்னொன்று எழுதி ஒப்பமிட்டேன். முகாமையாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். மடித்து மேசைமேல் போட்டார். ஆனால் பிற்பகல் சாமான் ஏற்ற இரண்டு லொறிகள் அனுப்பியதும் அவர்தான்.

அரைக் கிலோமீற்றர் தள்ளி இருந்த அம்மன் கோயில் மண்டபத்தில் இடம் கேட்டோம், கொடுத்தார்கள். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாக்கியம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மலை விழும்னு யாரு சொன்னா?"

"விழும்னு சொல்லலை பாக்கியம். விழாதுன்னு சொல்ல முடியலை."

"பத்தொம்பது நாளா விழாது விழாதுன்னு சொன்னது நீங்கதானே ஐயா?"

"நான்தான்."

"இப்ப என்னா வந்திச்சு?"

"பிழையா அளந்துட்டேன்."

வாசலை விட்டு விலகினார். பிறகு உள்ளே போய்ச் சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கினார். "எத்தனையோ தொரைமாரப் பாத்திட்டேன்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பிழைன்னு சொன்ன மொத தொர நீங்கதான்."

மேல் வெடிப்புக்குப் பின்னால், அசையாத பாறையில் ஒரு முளையும், முன்னால் ஒன்றும் புதிதாக அடித்தோம். ஒரே ஒரு சோடி. அந்தப் பெண் தன் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கித் தினமும் பஸ்ஸில் வந்தார். யாரும் அவரைத் தங்கச் சொல்லவில்லை. முதல் நாள் அளவு பூச்சியம். இரண்டாம் நாள் பூச்சியம். மூன்றாம் நாளும் அதுவே. மேகமே இல்லாத வானம்.

"பாத்தியா, பூச்சியம்," என்றேன் அவரிடம்.

"பூச்சியமாவே இருந்தா நல்லதுதானே சேர். நான் மன்னிப்புக் கேட்டுட்டு பஸ் ஏறிருவேன்."

நாலாம் நாள் காலை மண்டபத்துக்குப் போனேன். கழிவறை இரண்டு, ஆட்கள் நாற்பத்து மூன்று; எல்லார் முகத்திலும் அந்தக் கணக்குத் தெரிந்தது. பாக்கியம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"நாலு நாளாச்சி ஐயா. மலை அங்கேயேதான் குந்திக்கிட்டிருக்கு. நீங்களே போயி ஒரு தள்ளு தள்ளிவுட்டுட்டு வந்திருங்க. எங்களுக்கு வீட்டுக்குப் போகணும்."

மண்டபமே சிரித்தது. நசீரும்தான். நான் மட்டும், தலையெண்ணி முடிக்கவேண்டும் என்று, பாதியில் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எண்ணுங்க எண்ணுங்க. எண்ணினா வயிறு நெறஞ்சிரும்," என்றார்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் காலை அளவு மூன்று மில்லிமீற்றர். மாலை ஒன்பது. ஆறாம் நாள் காலை ஏழுக்குப் பதினான்கு. மழை விட்டு வெயில் வந்திருந்தது, அதுதான் ஆபத்து. வெயிலைக் கண்டதும் ஊருக்குத் தைரியம் வந்துவிடும்.

பத்து மணிக்கு மலைமேல் அளந்தவர் அந்தப் பெண். நானும் நசீரும் கீழே, மலைத்தோளுக்கு விலகி, பாதையின் கோயில் பக்க முனையில் நின்றோம். அவர் பதறவில்லை. இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, ஒரே ஒரு எண்ணைச் சொன்னார். முப்பத்தொன்று. சொல்லிவிட்டு வேலிக்கு வெளிப்பக்கமாக, அசையாத பாறையின் மேல் ஓடி ஏறினார்.

நான் வீடுகளைத் திரும்பிப் பார்த்தேன். பாக்கியத்தின் அடுப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கோழிக்குத் தீனி போட, துணி எடுக்க என்று காலையிலேயே சிலர் தோட்டத்து வழியாக வீடுகளுக்குள் போய்விட்டார்கள். எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எண்ணுபவனுக்கு, எண்ண வேண்டிய ஒன்றின் தொகை தெரியாது. ஒவ்வொரு வீடாகப் போய்த் தட்ட நேரமில்லை. கத்தினாலும் மறுபடி அதே சிரிப்புத்தான் வரும்.

"நசீர், சங்கு!"

வெடி வைப்பதற்கு முன் எங்கள் குவாரியில் மூன்று தடவை நீளமாக அபாயச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுக் கோயில் பக்கம் ஓடவேண்டும் என்பது அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைக்கும் பழக்கம். யோசிக்க மாட்டார்கள், கால் தானாக எழும்பும். நசீர் ஓடியதை நான் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது. வெடி இல்லாமல் சங்கு ஊதியது அந்தக் குவாரியில் அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஊதல் முடிவதற்குள் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே ஓடினார்கள். வாழைகளுக்கு நடுவே தலைகள் தெரிந்தன, மறைந்தன. எண்ண முடியவில்லை. பிறகு வேலித் தூண்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சரிந்தன. பெரிய சத்தம் எதுவும் இல்லை. லொறியிலிருந்து கல் கொட்டும் சத்தம்தான். ஆனால் அது நிற்கவில்லை. மலைத்தோள் என் பன்னிரண்டு முளைகளையும் சுமந்துகொண்டு இறங்கி, பாதையைக் கடந்து, நாலு வீடுகளின் மேல் உட்கார்ந்தது. மூன்றாவது வீட்டு அடுப்படிப் புகை இல்லாமல் போயிற்று.

கோயில் வரை எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. மண்டப வாசலில் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, அழுதுகொண்டு. கும்பலின் நடுவில் பாக்கியம். கை முழுக்கச் சாம்பல். இடுப்பில் ஒரு கோழியை இடுக்கியிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பி நின்று அதட்டினார்:

"எல்லாரும் வரிசையா நில்லுங்க! ஐயா எண்ணணும்."

யாரும் சிரிக்கவில்லை. நின்றார்கள்.

"எண்ணுங்க ஐயா," என்றார்.

தொடங்கினேன். சத்தமாகவே எண்ணினேன். இருபத்தாறாவதாக ஒரு கைக்குழந்தை, தாயின் தோளில் தலை வைத்து என்னைப் பார்த்தது. இருபத்தாறு என்று சொன்னேன். அதற்கு அடுத்த எண் எது என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை காத்திருந்தது.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அந்தப் பெண், மலையின் மறுபக்கத்தால் இறங்கி ஓடி வந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, முழங்கை வரை சேறு. அவருக்கு அவ்வளவாகத் தமிழ் தெரியாது. ஆனால் நான் எந்த எண்ணில் நின்றேன் என்று தெரிந்திருந்தது.

"விசி ஹத," என்றார். இருபத்தேழு.

ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு நடந்தார், வேலிக் கம்பியைத் தொட்டுப் பார்த்த அதே கையால். விசி அட. விசி நவய. வரிசையில் நின்றவர்களும் மெதுவாகச் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள், சிலர் தமிழில், சிலர் சிங்களத்தில். கடைசியாகப் பாக்கியத்தின் தோளில் கை வைத்தார்.

"ஹதலிஸ் துன."

நாற்பத்து மூன்று.

குறிப்பேடு என் சட்டைக்குள் இருந்தது. திகதியும் நேரமும் எழுதி, கீழே 43 என்று எழுதி, ஒப்பமிட்டேன். இரண்டு இலக்கங்களும் கோணலாக விழுந்தன. பிறகு குறிப்பேட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன். அவர் சேற்றுக் கையைத் தன் உடுப்பில் துடைத்தார். வரிசையை மறுபடி ஒரு தடவை, முதலாவது தலையிலிருந்து கடைசித் தலைவரை, வாய்க்குள் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, ஆறு நாட்களுக்கு முன் எனக்கு மறுத்த கையொப்பத்தை என் கையொப்பத்தின் கீழே வைத்தார்.